கருமந்தி யார் வீட்டுப் பிள்ளை?

மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, யானை போட்டால் லத்தி, கழுதை போட்டால் விட்டை, காக்கா போட்டால் எச்சம். இத்தனைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்த நம்ம ஆட்கள் குரங்குக்கு மட்டும் ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: சாணியும் புழுக்கையும் வயலுக்கு ஆகும். லத்தியின் சூட்டைப் பார்த்தால் யானை எவ்வளவு நேரத்துக்கு முன்னால் போயிருக்கிறது என்று தெரியும். குரங்கு போட்டதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

கடந்த முப்பது வருஷமாக அதை வைத்துத்தான் நிறைய செய்துகொண்டிருக்கிறார்கள். வனத்துறைக்காரர்களும் பத்திரிகைகளும் எல்லாவற்றையும் 'எச்சம்' என்றே எழுதுவதால் நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கட்டுரைக்கான கேள்வி பேத்துப்பாறையில் பிறந்தது. கொடைக்கானலுக்கு ஏறும்போது பெருமாள்மலை வருமில்லையா, அதற்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் ஊர். காப்பி, மலைவாழை, நடுவில் நிழலுக்கு நிற்கும் உயரமான மரங்கள், ராத்திரியானால் யானை பயம். அந்த நிழல்மரங்களில்தான் கருமந்திக் கூட்டம் வரும். உடம்பெல்லாம் கரி பூசிய மாதிரி கருப்பு, தலையில் மட்டும் பழுப்பும் பொன்னும் கலந்த மயிர், உடம்பைவிட நீளமான வால். விடிகாலையில் ஆண் மந்தி 'ஹூ ஹூ' என்று குரல் கொடுத்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். ஆங்கிலத்தில் நீலகிரி லங்கூர் என்பார்கள். பெயர்தான் நீலகிரியே தவிர, அகத்தியமலையிலிருந்து குடகு வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இருக்கிறது. அந்தத் தொடரிலிருந்து கிழக்கே நீட்டிய கை மாதிரி இருக்கும் பழனி மலையிலும் இருக்கிறது.

அங்கே தோட்டக் காவலுக்கு இருக்கும் அண்ணன் ஒருவரோடு ஒரு நாள் நடந்துகொண்டிருந்தேன். மரத்தடியில் கிடந்ததைக் காட்டி, "இது நாட்டுக்குரங்கு போட்டது இல்ல தம்பி, மந்தி. பூரா இலை, பாத்தீங்களா" என்றார். நாட்டுக்குரங்குக்கும் மந்திக்கும் சொந்தம் உண்டா என்று கேட்டேன். "அது வேற சாதி, இது வேற சாதி. கீழ அமராவதிப் பக்கம் வெள்ளமந்தி இருக்குல்ல, அதுதான் இதுக்குப் பங்காளி" என்றார் ரொம்ப சாதாரணமாக.

இந்த ஒரு வரிக்கு வந்து சேர விலங்கியலுக்கு ஏறத்தாழ நூற்றெண்பது வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கருமந்தியின் அறிவியல் பெயரில் ஒரு தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒளிந்திருக்கிறது. 1829-இல் ஃபிஷர் என்பவர் இதற்கு வைத்த பெயரின் பின்பாதி 'ஜானியை'. 'ஜானுடையது' என்று பொருள். யார் இந்த ஜான்? கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813-இல் இறக்கும்வரை இருந்த ஜெர்மன் பாதிரியார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில். சபை வேலை, பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் மீன், சிப்பி, பாம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பதப்படுத்தி ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்ட விஞ்ஞானிகள் நன்றிக்கடனாக அவர் பெயரை வைத்தார்கள். நாம் குழம்பு வைக்கும் கத்தாளை மீனில் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர். லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஏமாற்றி விற்கிறார்களே, இருதலை மணியன் என்கிற மண்ணுளிப் பாம்பு, அதுவும் 'ஜானியை'தான். மீன், பாம்பு, மந்தி மூன்றுக்கும் ஒரே பாதிரியார் பெயர்.

பின்பாதி அன்றிலிருந்து இன்றுவரை அப்படியே நிற்கிறது. முன்பாதிதான், அதாவது பேரினப் பெயர்தான், வீடு மாறிக்கொண்டே இருந்தது. பேரினம் என்பது ஒருவகையில் குடும்பப் பெயர். யாருடைய சொந்தம் என்று சொல்வது. முதலில் எல்லாக் குரங்குகளையும் அள்ளிப் போடும் 'சிமியா' என்கிற பொதுக்கூடையில் போட்டார்கள். பிறகு 'காசி' என்று ஒரு பேரினம் இருந்தது (ஆமாம், நம்ம காசியேதான், ஈரக்காட்டை விட்டு இறங்காத மந்திக்கு எந்த யோசனையில் அப்படிப் பெயர் வைத்தார்களோ). பிறகு 'பிரெஸ்பைடிஸ்'. அதற்கப்புறம் 'டிராக்கிபித்தேகஸ்'. பழைய மிருகக்காட்சிசாலைப் பலகைகளிலும் பழைய புத்தகங்களிலும் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே மந்திதான்.

கடைசியாகச் சொன்ன டிராக்கிபித்தேகஸ்தான் முக்கியம். மண்டை ஓட்டின் அமைப்பு, மயிரின் தன்மை, குட்டியின் நிறம் இதையெல்லாம் வைத்து வகைப்படுத்தியவர்கள், கருமந்தியை நம்ம ஊர்ச் சாம்பல் மந்தியோடு சேர்க்கவில்லை. வடகிழக்கு இந்தியாவிலும் பர்மா, வியட்நாம், ஜாவா பக்கமும் இருக்கும் இலைக்குரங்குகளோடு சேர்த்தார்கள். அதாவது, பேத்துப்பாறை மந்திக்கு அமராவதி மந்தி அந்நியம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குரங்கு சொந்தம்.

கேட்க விசித்திரமாக இருந்தாலும், இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கருத்தும் இருந்தது. சுந்தர் லால் ஹோரா என்று ஒரு மீன் ஆராய்ச்சியாளர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பாறையைக் கவ்விக்கொண்டு வாழும் மீன்கள், கிழக்கு இமயம், மலேயா பக்கத்து மீன்களைப் போலவே இருப்பதைக் கவனித்தார். நடுவில் இருக்கும் தக்காணம் முழுக்க வறண்ட நிலம், அந்த மீன்கள் அங்கே இல்லை. அப்படியானால் எப்படி வந்தன? ஒரு காலத்தில் விந்திய, சாத்பூரா மலைகள் வழியாக ஈரக்காடு தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், அந்தப் பாலத்தின் வழியாக வந்து, பாலம் அறுந்த பிறகு இங்கே மாட்டிக்கொண்டன என்றார். 1940-களில் அவர் வளர்த்த இந்தச் சாத்பூரா கருதுகோள் ரொம்பப் பிரபலம். கருமந்தியும் இதில் அழகாகப் பொருந்தியது. வடகிழக்கிலிருந்து வந்து, திரும்பிப் போக வழி இல்லாமல் தங்கிவிட்ட விருந்தாளி!

வரையாட்டைப் பற்றியும் இதே மாதிரிதான் நினைத்தார்கள். இமயமலை வரையாட்டின் தம்பி என்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால், நம்ம வரையாடு இமயத்து ஆட்டைவிடச் செம்மறி இனத்துக்கு நெருக்கம். அதற்கென்று 'நீலகிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினமே போட வேண்டியதாயிற்று.

அப்படியானால் கருமந்திக்கும் டிஎன்ஏ பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். டிஎன்ஏ வேண்டுமென்றால் ரத்தமோ சதையோ வேண்டும். மரத்தின் உச்சியில் இருக்கும் மந்தியை எப்படிப் பிடிப்பது? மயக்க ஊசி போட்டால் அறுபது அடி உயரத்திலிருந்து விழும். ஏற்கனவே மனுஷன் இதை விட்டுவைக்கவில்லை. இதன் கறியும் 'கருங்குரங்கு லேகியம்', 'ரசாயனம்' என்று விற்ற மருந்தும் ஆஸ்துமாவிலிருந்து ஆண்மை வரை எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற நம்பிக்கையில், தோட்டங்கள் வந்த காலத்திலிருந்து துப்பாக்கியோடு வேட்டையாடித் தீர்த்திருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம் கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டது. உறவுமுறை தெரிந்துகொள்வதற்காக மறுபடியும் அதன் உடம்பில் ஊசி குத்தலாமா?

வழி வந்தது ஐரோப்பாவிலிருந்து, கரடி மூலமாக. 1992-இல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு. இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையில் மிஞ்சியிருந்த சில பழுப்புக் கரடிகளின் எச்சத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துக் காட்டினார்கள். கரடியுடையது மட்டுமல்ல, கரடி தின்ற செடியின் டிஎன்ஏவும் கிடைத்தது. எழுதியவர்களில் ஒருவர் ஸ்வாந்தே பேபோ. பிற்பாடு நியாண்டர்தால் மனிதனின் மரபணுவைப் படித்து 2022-இல் நோபல் வாங்கினாரே, அவரேதான். மூன்று வருஷம் கழித்து, 1995-இல், ஜேன் குட்டால் வேலை செய்த தான்சானியாவின் கோம்பே காட்டிலிருந்து குரங்கினத்துக்கான முதல் செய்தி வந்தது. பபூன், சிம்பன்சி எச்சத்திலிருந்து கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவையே எடுக்கலாம் என்று.

இது எப்படி முடிகிறது? சாப்பாடு குடலில் இறங்கும்போது குடலின் உள்சுவரை உரசிக்கொண்டே போகிறது. சுவரிலிருந்து செல்கள் உதிர்ந்து, சளி போன்ற படலத்தோடு எச்சத்தின் வெளிப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஆராய்ச்சியாளர்கள் உள்ளே தோண்டுவதில்லை. மேல்தோலை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். வெயில் பட்டாலும் மழை பட்டாலும் டிஎன்ஏ சிதைந்துவிடும் என்பதால் காலையில் மந்தி இறங்கிப் போன உடனே எடுப்பதுதான் நல்லது. எடுத்ததை ஆல்கஹாலில் ஊறப்போட்டு, பிறகு சிலிகா ஜெல்லில் காயவைக்கும் முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். புதுச் செருப்பு டப்பாவில் சின்னப் பொட்டலம் இருக்குமே, அந்தச் சிலிகாதான்.

இப்படிக் கிடைப்பதில் பெரும்பகுதி பாக்டீரியாவும் தின்ற இலையும். மந்தியுடைய டிஎன்ஏ துளியூண்டு. அந்தத் துளியைப் பெருக்கத்தான் பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதன் அடிப்படையே இதுதான். கேரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்தது. நமக்கு வேண்டிய துண்டின் இரண்டு முனைக்கும் பொருந்தும் சிறு துணுக்குகளைப் போட்டால், அந்தத் துண்டு மட்டும் இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, முப்பது சுற்றில் நூறு கோடி ஆகும். வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவதற்குப் பதிலாக, ஊசியைப் போர் அளவுக்குப் பெருக்கிவிடுகிறார்கள்.

மந்தி விஷயத்தில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. அது இலை தின்னி. இலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்களும் சர்க்கரைச் சேர்மங்களும் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். பித்தநீரின் உப்பும் அப்படித்தான். எனவே முதல் வேலையே இந்த அழுக்கைக் கழுவித் தள்ளுவது.

இலை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மந்திகளின் வயிறு மாட்டு வயிறு மாதிரி. பல அறைகள், முன்னறையில் பாக்டீரியாவை வைத்து இலையைப் புளிக்க வைக்கும். அப்புறம் அந்தப் பாக்டீரியாவையே செரித்துவிடும். பாக்டீரியாவை உடைக்கும் லைசோசைம் என்ற நொதி மாட்டிலும் மந்தியிலும் தனித்தனியாக ஒரே மாதிரி மாறியிருக்கிறது என்று 1987-இல் காட்டியவர் கேரோ-பெத் ஸ்டீவர்ட். சொந்தமே இல்லாத இரண்டு விலங்குகள், ஒரே தொழில் செய்ததால் ஒரே மாதிரி ஆகிப்போன கதை. பார்க்க ஒன்றாக இருந்தால் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

அந்த ஸ்டீவர்ட்டின் ஆய்வகத்தில் வேலை செய்தவர்தான் பிரவீண் கரந்த். இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். ஹோராவின் கேள்வியை டிஎன்ஏவால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. தெற்காசிய மந்திகளின் மாதிரிகளைத் திரட்டினார்கள். காட்டு மந்திகளின் எச்சமும் அதில் சேர்த்தி. அவரும் லால்ஜி சிங் உள்ளிட்ட கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு மரபணுவும் கருவிலிருந்து லைசோசைம் உட்பட இரண்டும் பார்த்தார்கள். விடை தெளிவாக இருந்தது. கருமந்தியும், இலங்கையில் இருக்கும் ஊதாமுக மந்தியும், நம்ம சாம்பல் மந்தியும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் 'செம்னோபித்தேகஸ்' என்ற பேரினமே பொருத்தம். இதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1998-இல், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் பார்த்த இன்னொரு ஆய்வும் இந்தப் பக்கம்தான் கை காட்டியிருந்தது. ஒரே ஒரு சாட்சியை நம்பிக் குடும்பப் பெயரை மாற்ற முடியாது என்பதால்தான் கரு மரபணுவும் தேவைப்பட்டது.

ஆக, விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை. ஈரக்காட்டுக்குள் போய்க் கருத்துப்போன உள்ளூர் மந்தி. ஈரமான காட்டில் வாழும் விலங்குகள் நிறம் அடர்ந்து போவது உலகம் முழுக்கப் பார்க்கப்பட்டதுதான். ஹோராவின் பாலம் மற்ற விலங்குகளுக்கு இருந்ததா என்பது வேறு விவாதம். கருமந்தியை இனிமேல் அதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. காவல்காரர் அண்ணனுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஒன்று, 'வேற சாதி' என்று அவர் சொன்ன அதே உறுதியோடுதான் மண்டை ஓட்டை அளந்தவர்களும் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று பிரித்துக் காட்டியது மரத்தடியில் கிடந்ததுதான்.

எச்சம் எப்போதும் உண்மையே பேசும் என்று நினைத்துவிடக் கூடாது. அது பேசுவதைத் தப்பாகக் கேட்க நிறைய வழி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருக்கும் என்பதால் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் துண்டுகள் பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே கருவுக்குள் நகலாகி, அங்கே வேலையில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும். பிசிஆர் அசலை விட்டுவிட்டு அந்த நகலைப் பெருக்கிக் கொடுத்தால், இல்லாத உறவெல்லாம் இருப்பதாகத் தெரியும். மந்திகளில் இந்தப் போலிகள் இருப்பதைக் கரந்த் தனியாகவே ஒரு கட்டுரையாக எழுதினார்.

இன்னொரு வகை ஏமாற்றத்துக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது ஒன்று போதும். ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டுச் சிம்பன்சிகள் உதிர்த்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, குட்டிகளில் பாதிக்கு மேல் வேறு கூட்டத்து ஆணுக்குப் பிறந்தவை என்று 1997-இல் நேச்சரில் ஒரு கட்டுரை வந்தது. பெண் சிம்பன்சிகள் ரகசியமாகப் பக்கத்துக் கூட்டத்துக்குப் போய்வருகின்றன என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் ருசித்து எழுதின. 2001-இல் லிண்டா விஜிலண்ட் குழு எச்சத்தை வைத்துக் கவனமாக மறுபடி பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லாக் குட்டிகளுக்கும் அப்பா சொந்தக் கூட்டத்திலேயே இருந்தது தெரிந்தது. முதல் கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். நடந்தது என்ன? நம் எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. டிஎன்ஏ ரொம்பக் குறைவாக இருந்தால் பிசிஆரில் ஒன்று மட்டும் பெருகும், மற்றது நழுவிவிடும். அப்பாவின் பிரதி நழுவிப்போனால் பெற்ற அப்பனே அந்நியன் ஆகிவிடுவான். இது நடக்கும், ஒரே மாதிரியைப் பல குழாயில் பலமுறை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று 1996-லேயே பியர் தாபர்லே குழு எச்சரித்திருந்தது. அதற்கப்புறம்தான் அது எல்லோருக்கும் வழக்கமாயிற்று.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு எச்சம் பெரிய காரியங்களுக்குச் சாட்சி சொன்னது. எய்ட்ஸ் கிருமியின் மூலம் தெற்குக் கேமரூன் சிம்பன்சிகளில் இருப்பதை 2006-இல் காட்டியதும், கொடிய மலேரியாக் கிருமி கொரில்லாவிடமிருந்து மனுஷனுக்கு வந்தது என்று 2010-இல் காட்டியதும் காட்டில் பொறுக்கிய எச்சம்தான். இரண்டாவது ஆய்வுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மாதிரிகள்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். கருமந்தியோடு ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கருப்புக் குரங்கு உண்டு: சிங்கவால் குரங்கு, சோலைமந்தி என்றும் சொல்வார்கள். பெயரில் மந்தி இருந்தாலும் இது நாட்டுக்குரங்கின் பங்காளி. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். கருமந்தியைவிட இதன் நிலைமை மோசம். உலகப் பட்டியலில் கருமந்தி 'பாதிக்கப்படக்கூடிய' இனம். சிங்கவால் 'அழிவின் விளிம்பில்'. பழனி மலைக்கு மேற்கே ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தீவு தீவாக மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் சில கூட்டங்கள் வாழ்கின்றன.

ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கீழ் அழியும் உயிரினங்களுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது, லாகோன்ஸ் என்பார்கள். அங்கே கோ. உமாபதியின் குழு சிங்கவால் குரங்கின் டிஎன்ஏவைக் காட்டிலிருந்தும் மிருகக்காட்சிசாலைகளிலிருந்தும் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டது. இரண்டு முடிவுகள். ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் சுமார் 21 லட்சம் வருஷத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது மலையே இல்லாமல் சமவெளியாக இருக்கிறதே, நமக்கு ஒரு மணி நேரப் பயணம், மரத்தை விட்டு இறங்கத் தயங்கும் குரங்குக்கு அது கடல். இரண்டாவது முடிவுதான் வயிற்றைக் கலக்குவது. ஆனைமலையின் துண்டுக் காடுகளில் இருக்கும் கூட்டங்களில், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் வகைகள் தொடர்காட்டுக் கூட்டங்களைவிட மிகக் குறைவு.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்த இனத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், ஆண்கள்தான் வெளியே போகும். எனவே ஒரு துண்டுக் காட்டில் தாய்வழி வகை ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால், அங்கே இப்போது இருப்பவை அத்தனையும் மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டு பாட்டிகளின் வாரிசுகள். வெளியிலிருந்து ஆண் வந்தால் புது ரத்தம் வரும். வர மரம் வேண்டும். தலையை எண்ணிப் பார்த்தால் கூட்டம் பெரிதாகத்தான் தெரியும், குட்டிகூட இருக்கும். எச்சத்தைப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு காலியாகிவிட்டது என்று தெரியும். இதே வட்டாரத்தில் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மனுஷ நடமாட்டம் கூடுகிற துண்டுக் காடுகளில் குரங்கின் குடல் ஒட்டுண்ணிகளும் கூடுகின்றன என்று சொல்கிறது.

வடக்கு, தெற்கு என்ற பிரிவு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. வண்டலூர் போன்ற மிருகக்காட்சிசாலைகளில் சிங்கவால் குரங்குகளை இனப்பெருக்கம் செய்து வருகிறார்கள். நாளை காட்டில் விடுவதாக இருந்தால் எந்தப் பக்கத்தில் விடுவது? 21 லட்சம் வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களைத் தெரியாமல் ஒரு கூண்டில் போட்டுக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

பாலக்காட்டுக் கணவாய் குரங்கை மட்டும் தடுக்கவில்லை. டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்ட குழு 2005-இல் தென்னிந்திய யானைகளின் லத்தியிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது, நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலை–பெரியாறு யானைகளும் மரபில் வேறுபட்டு நின்றன. வடக்கே யானை போகாத ஊரா என்று நினைக்கிறோம். கணவாயைத் தாண்டிப் போவது அதற்கே அபூர்வம்தான் போலிருக்கிறது.

பேத்துப்பாறைக்கு இதெல்லாம் என்ன சம்பந்தம் என்றால், பழனி மலையே மேற்குத் தொடரோடு மேற்கு நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். மேலே சோலையையும் புல்வெளியையும் அழித்து வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் வைத்தாயிற்று. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல விஷயம். ஆனால் கருமந்திக்குக் கோடு தெரியாது, கிளைதான் தெரியும். சரணாலயத்துக்கு வெளியே, சோலையிலிருந்து சோலைக்கு அது கடந்து போவது நிழல் மரம் வைத்த காப்பித் தோட்டங்கள் வழியாகத்தான். அந்த மரத்தை வெட்டிவிட்டு வெயிலில் காய்கறி போட்டாலோ, ரிசார்ட் கட்டினாலோ வால்பாறைக் கதை இங்கேயும் ஆரம்பம். தோட்டக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. யானை வந்து ஒரே ராத்திரியில் வாழையைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில் ஒருவரிடம் போய் மந்திக்காக மரத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பிக்குப் போட்ட முதலுக்கு விலை கிடைத்தால் மரம் நிற்கும்; கிடைக்காவிட்டால் நிற்காது. மலையில் கணக்கு அவ்வளவுதான்.

கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது டப்பாவோடு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக: முதல் அட்டவணை விலங்கின் எச்சமாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். குரங்கின் கிருமிகளும் நமக்கு ஒட்டும், அதனால் வெறுங்கையால் தொடவும் கூடாது. ஆனால் பார்க்கத் தடையில்லை. காலையில் எந்த மரத்தடியில் கிடக்கிறது, நாரும் இலையுமாக இருக்கிறதா, பழக்கொட்டை இருக்கிறதா, எத்தனை நாளாக அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம். காவல்காரர் அண்ணன் குறிப்பெல்லாம் வைப்பதில்லை. போன தடவை கேட்டதற்கு, ஓடைக்கு அந்தப் பக்கம் மரம் இறக்கியதிலிருந்து கூட்டம் மேலே சோலையோரமாகவே சுற்றுகிறது, கீழே வந்து மூணு மாசம் ஆச்சு என்றார்.